கக்கூஸ் கழிவும் சாணமும் சேர்ந்த கேஸ் குழி: பத்து மாதக் கணக்கு

சிலிண்டர் மாற்றி இன்றோடு 97 நாள். இன்னும் எரிகிறது. போன வருஷம் வரை எங்கள் வீட்டுக்கு 38 நாளைக்கு ஒன்று தீர்ந்துவிடும். சிலிண்டர் மாற்றும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது என் மனைவியின் பழக்கம், அதனால் இந்தக் கணக்கில் சந்தேகம் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, நாங்கள் நாலு பேர், இரண்டு மாடு. சாணமும் கக்கூஸ் கழிவும் உள்ளே புளித்து அடுப்புக்கு வாயு தரும் குழி இது. மாசியில் அதை வெட்டியதிலிருந்து மார்கழி வரை நடந்ததை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காரணம். கேஸ் மிச்சம் பிடிக்கத்தான் இதை ஆரம்பித்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எங்கள் செப்டிக் டேங்க் நிறைந்து, கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டோம். 3,500 ரூபாய். லாரி போன வழியிலேயே நானும் வேறு வேலையாகப் போனேன். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்து ஓரத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். மழை வந்தால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் கீழே நாலு கிணற்றுக்குப் போகும். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் வீட்டுக் கழிவை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

புதிய யோசனை ஒன்றும் இல்லை இது. பம்பாய் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-லேயே மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் சாக்கடைக் கசடைச் செரிக்க வைத்து, அதில் வரும் வாயுவில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது, கரைசல் மேல் கவிழ்த்த டிரம் மிதந்து கேஸைப் பிடித்து வைக்கும் கதர் கிராமத் தொழில் ஆணைய மாதிரி. ஜஷ்பாய் படேல் 1956-இல் வடிவமைத்தது. கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பது டிரம் ஏறி நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி இடம் பார்த்தோம். செங்கல் கட்டுவதை விட சிமெண்ட் வளையமான உறை இறக்குவது சுலபம் என்று மேஸ்திரி சொன்னார். 4 அடி விட்டம், ஒரு அடி உயரம், 8 உறை. அடியில் 4 அங்குலம் கான்கிரீட். ஏழாவது உறை மட்டத்தில் வெளிப்போக்குக் குழாய். அந்த மட்டம் வரை சுமார் 2,400 லிட்டர் பிடிக்கும். உள்ளே 1:3 சிமெண்ட் கலவையில் இரண்டு பூச்சு, மேலே நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு ஒன்று.

சாணம் போடுவதற்கு முன் நல்ல தண்ணீர் நிரப்பி நாலு நாள் விட்டோம். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். இரண்டாம் நாள் காலையில் மட்டம் 2 அங்குலம் இறங்கியிருந்தது. மூன்றாவது உறைக்கும் நாலாவது உறைக்கும் நடுவே மூட்டில் ஈரம் வெளியே தெரிந்தது. தண்ணீரை மோட்டாரில் இறைத்துவிட்டு, மேஸ்திரி உள்ளே இறங்கி மூட்டைக் கொத்தி மறுபடி பூசினார். வெறும் தண்ணீர் என்பதால் அவர் இறங்க முடிந்தது. சாணம் போட்ட பிறகு கண்டுபிடித்திருந்தால் ஒரு ஆளையும் உள்ளே விட்டிருக்க மாட்டேன். அந்தக் குழியில் இருக்கும் காற்றில் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடும். அதன் பிறகு எந்த அடைப்பு வந்தாலும் மேலிருந்து மூங்கில் விட்டுத்தான் எடுத்தோம்.

டிரம் ஃபைபரில் செய்தது. மூன்றரை அடி விட்டம், ஒரு மீட்டர் உயரம், 38 கிலோ. நடுவில் 2 அங்குல ஜிஐ பைப் மேல் ஏறி இறங்கும். உள்ளே குறுக்குச் சட்டம் உண்டு. தினமும் காலையில் டிரம்மை அரைச் சுற்றுத் திருப்பினால் மேலே கட்டும் ஏடு உடையும். டிரம் வெளிப்புறம் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வெள்ளைப் பெயிண்டில் போட்டேன். ஒரு கோடு ஏறினால் 90 லிட்டர் கேஸ். இனிமேல் நான் கோடு என்று சொல்வதெல்லாம் இதுதான்.

பங்குனியில் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து டிராக்டரில் 1,100 கிலோ சாணம் கொண்டுவந்து, அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். வைக்கோலும் கல்லும் பொறுக்கி எடுப்பதற்கே ஒரு நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் டிரம் எழும்பியது. பையன் குதித்தான். அடுப்பில் வைத்தால் பற்றவில்லை. முதலில் வருவதில் பெரும்பகுதி கரியமில வாயு, அது எரியாது. இரண்டு முறை டிரம்மைக் காலி செய்து வெளியே விட்டோம். பதினேழாம் நாள் மூன்றாவது முறை பற்றியது. பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை, கையை மேலே காட்டித்தான் சூடு பார்த்தேன். பற்றவைத்துப் பார்ப்பது அடுப்பில் மட்டும்தான். டிரம் பக்கம் தீக்குச்சியைக் கொண்டுபோகக் கூடாது, அங்கே காற்றும் கேஸும் கலந்திருக்கும்.

ஆனால் சுடர் சோனியாக இருந்தது. இங்கே இரண்டு தப்பு சேர்ந்திருந்தது. ஒன்று, பழைய சிலிண்டர் அடுப்பையே வைத்திருந்தேன். அதில் கேஸ் வெளியே வரும் ஜெட் ஓட்டை சாண கேஸுக்குப் போதாது. லேத் பட்டறையில் கொடுத்து இரண்டரை மில்லிமீட்டருக்குத் துளைத்து, காற்று போகும் ஓட்டையைப் பாதி மூடினோம். எரிந்தது, ஆனால் பாத்திரத்தின் அடி கறுத்தது. கடைசியில் 1,800 கொடுத்து, சாண கேஸுக்கென்றே செய்த கோபர் கேஸ் அடுப்பே வாங்கினேன், அதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று அழுத்தம். ஒரு மீட்டர் டியூப்பை ‘ப’ எழுத்து மாதிரி பலகையில் கட்டி, குங்குமம் கரைத்த தண்ணீர் ஊற்றி, நடுவில் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டினேன். ஒரு முனையை கேஸ் குழாயில் செருகினால் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அழுத்தம். 4 சென்டிமீட்டர்தான் காட்டியது. டிரம்மின் 38 கிலோவை அதன் பரப்பால் வகுத்தாலும் அதே விடை. அடுப்புக்கு 8 பக்கம் வேண்டும். 8 கிலோ கான்கிரீட் கட்டை நாலு வார்த்து, டிரம் விளிம்பில் நாலு திசையிலும் சமமாக வைத்தேன். ஏழரைக்கு வந்தது. அடுப்பு இரைச்சலே மாறிவிட்டது, ஸ்டவ் மாதிரி ‘உஸ்’ என்று பிடித்தது. 20 கிலோ சாணத்துக்கு நாளைக்கு 7 கோடு வந்துகொண்டிருந்தது.

சித்திரைக் கடைசியில் கக்கூஸ் குழாயைச் சேர்த்தேன். உண்மையான பாடம் அப்புறம்தான் ஆரம்பம்.

மூன்று வாரத்தில் 7 கோடு 5 ஆகி, 3 ஆயிற்று. கேஸ் எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். அடுப்படி வரை 60 அடிக் குழாய். மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல் வால்வையும் கிளிப்புகளையும் மாற்றினேன். அதற்கு 1,150 ரூபாய். கழற்றிய பித்தளை வால்வு உள்ளே கறுத்துப் போயிருந்தது. முட்டை அழுகிய நாற்றம் வருமே, அந்த வாயுவின் வேலை. அதற்காக 3 அங்குல பிவிசி குழாய் இரண்டடி எடுத்து, லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளை மழையில் போட்டுத் துருப்பிடிக்க வைத்து உள்ளே அடைத்து, கேஸ் அதன் வழியாக வரும்படி வைத்தேன். நாற்றம் போயிற்று. துரு கறுத்ததும் சுருளை வெளியே எடுத்து ஆற விட்டால் மறுபடி சிவக்கும். அப்போது அது சூடாகும், அதனால் சருகு இல்லாத இடத்தில் போட வேண்டும். நல்ல வேலைதான், ஆனால் கேஸ் குறைந்ததற்கு இது மருந்தில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போன பிறகு ஒரு நாள் வெளிப்போக்குத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். கூழ் மாதிரி வர வேண்டிய கரைசல் டீத்தண்ணி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. புளித்த சாணத்தின் வாடை இல்லை, பச்சை நாற்றம். அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை வெளியே வந்ததை 20 லிட்டர் பக்கெட்டில் பிடித்து எண்ணினேன். 9 பக்கெட். நாளைக்கு 180 லிட்டர்.

அங்கேயே மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்தேன். 2,400-ஐ 180-ஆல் வகுத்தால் 13. உள்ளே போகும் எதுவும் 13 நாளில் வெளியே வந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்குச் சாணம் மட்டும் என்றாலே 30 நாள் தங்க வேண்டும் என்பது கதர் ஆணையத்தின் கணக்கு. மனிதக் கழிவு சேர்ந்தால் இன்னும் கூட. கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர் மெதுவாகப் பெருகும். அது பெருகுவதற்குள் தண்ணீர் அதையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. குற்றவாளி கக்கூஸில் இருந்த ஃப்ளஷ் டேங்க். ஒரு இழுப்புக்கு 10 லிட்டர். நாலு பேர், ஒன்றுக்குப் போவதும் சேர்த்து நாளைக்குப் பதினாலு இழுப்பு. அதற்கு மேல் வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் வேறு. உயிரை வளர்க்கும் குழியில் உயிரைக் கொல்லும் மருந்தை நாங்களே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

மாற்றியது இவ்வளவு. கிராமப்புறக் கக்கூஸுக்கென்றே சரிவு அதிகமாக, நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் நீர்ப்பூட்டு குறைவாகச் செய்த கோப்பை உண்டு. ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போய்விடும். அதைப் பதித்தோம், கூலியோடு 2,600. ஃப்ளஷ் டேங்கைக் கழற்றிவிட்டு ஒரு வாளியும் 2 லிட்டர் சொம்பும் வைத்தோம். ஒன்றுக்குப் போவது குளியலறைப் பக்கம், அந்தத் தண்ணீர் தென்னைக்குத் தனிக் குழாயில் போகிறது. ஆசிட், பினாயில் இரண்டும் வீட்டுக்குள் வருவதில்லை. சுடுதண்ணீரும் பிரஷ்ஷும்தான். சாணம் கரைக்கும் தண்ணீரையும் 20 லிட்டரிலிருந்து 12 ஆக்கினேன். எல்லாம் சேர்ந்து நாளைக்கு 56 லிட்டர். 43 நாள் தங்கும். ஆடி பாதியில் பழையபடி 7 கோடு வந்தது.

ஆடிக் காற்றில் வேறொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று ஜன்னல் வழியாகச் சுடரை அணைத்துவிடும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகரம் அடித்தோம். அதன் பிறகும் சுடர் தத்தித் தத்தி எரிந்தது. அதற்குக் காரணம் காற்றில்லை, குழாயில் தேங்கும் ஈரம். குழாயின் பள்ளமான இடத்தில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டுக் கீழே சின்ன வால்வு வைத்து, வாரம் ஒருமுறை திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும்.

ஆவணியில் தங்கச்சிக்கு வளைகாப்பு எங்கள் வீட்டில் வைத்தோம். மிஞ்சிய சோறு, சாம்பார், பாயசம் 12 கிலோ இருந்தது. அதுவரை தினம் 3 கிலோ அடுப்படிக் கழிவு போட்டுப் பழக்கப்படுத்தியிருந்தேன், நாளைக்கு 10 கோடு வந்துகொண்டிருந்தது. சோற்றில் கேஸ் அதிகம் என்று தெரியும், அந்த ஆசையில் 12 கிலோவையும் ஒரே நாளில் கொட்டினேன். மறுநாள் டிரம் முழுக்க ஏறி, ஓரத்தில் நுரை பொங்கி வழிந்தது. சந்தோஷப்பட்டேன். அடுப்பில் வைத்தால் பற்றவே இல்லை. கரைசலில் மோர் புளித்த வாடை. புளிப்பைக் காட்டும் பிஹெச் தாளை நனைத்தால் மஞ்சள் நிறம், ஐந்தரை. ஏழு பக்கம் இருக்க வேண்டியது.

உள்ளே நடப்பது இரண்டு வேலை. ஒரு கூட்டம் உணவைப் புளிக்க வைக்கிறது, இன்னொரு கூட்டம் அந்தப் புளிப்பைக் கேஸ் ஆக்குகிறது. முதல் கூட்டம் வேகமானது. இரண்டாவது திணறிவிட்டால் குழி முழுக்கப் புளித்துவிடும். எதுவும் போடாமல் நிறுத்தினேன். சுண்ணாம்பு 2 கிலோவைக் கரைத்து, நாலு நாளாகப் பிரித்து ஊற்றினேன். சுண்ணாம்பு ஊற்றியதும் டிரம் கண்ணெதிரே ஒன்றரைக் கோடு இறங்கியது. கசிவு என்று பயந்தேன். சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான். பக்கத்து ஊரில் நன்றாக ஓடும் ஒரு கேஸ் குழியிலிருந்து 40 லிட்டர் கரைசல் கேட்டு வாங்கி ஊற்றினேன், தயிருக்கு உறை ஊற்றுவது போல. பத்தொன்பதாம் நாள் அடுப்பு பற்றியது. இப்போது சோறு மிஞ்சினால் நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் இல்லை, மீதி மாட்டுக்கு. எலுமிச்சைத் தோல், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, தேங்காய் நார் எதுவும் போடுவதில்லை.

கக்கூஸ் கழிவில் எவ்வளவு கேஸ் வருகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொஞ்சம்தான். ஒரு ஆளுக்கு நாளைக்கு 30 லிட்டர் பக்கம் என்பது பொதுவான கணக்கு. காலாண்டு லீவுக்கு மனைவியும் பையனும் ஊருக்குப் போன ஒன்பது நாளும் சாணத்தையும் அடுப்படிக் கழிவையும் அதே எடையில் போட்டேன். அரைக் கோடு குறைந்தது. 43 நாள் தங்கும் குழிக்கு ஒன்பது நாள் சோதனை போதாது, ஆனாலும் கணக்கோடு ஒட்டித்தான் வருகிறது. அடுப்பை எரிப்பது சாணமும் சோறும்தான். லாரியும் பள்ளமும் நாற்றமும் இல்லாமல் போனதுதான் கக்கூஸைச் சேர்த்ததில் கிடைத்த பலன்.

இதில் சமைப்பதா என்ற கேள்வி வீட்டுக்குள் பெரிதாக இருந்தது. “ஏனுங்க, கேஸ் தானுங்களே, குழாயில வந்து எரிஞ்சு போயிருது, அதுல என்ன இருக்குது?” என்று மனைவி ஒரே நாளில் ஒத்துக்கொண்டாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “மாட்டுச் சாணம்னா வாசல் தெளிக்கறோம், சாமி. இது அப்படியா?” என்றார்கள். நான் வாதாடவில்லை. அம்மாவுக்குப் பால் காய்ச்சுவதும் மார்கழிப் பொங்கல் வைப்பதும் சிலிண்டர் அடுப்பில்தான். அவர்கள் குளிக்க வெந்நீர் மட்டும் இதில் காய்கிறது. 97 நாளாக ஓடும் சிலிண்டர் அம்மாவுடையது.

வெளியே வரும் கரைசல் நாளைக்கு 50 லிட்டருக்கு மேல். குடல்புழு முட்டை இந்தக் குழியில் முழுதாகச் சாவதில்லை. அதனால் கீரை, தக்காளி, கொத்தமல்லிப் பாத்திக்கு ஒரு சொட்டும் விடுவதில்லை. இரண்டு குழி வெட்டி, தென்னஞ்சருகு பரப்பி, ஒன்று நிறைந்ததும் மூடி ஆறு மாதம் போடுகிறேன். அப்புறம் தென்னை வட்டப்பாத்தியில் போட்டு மண் மூடுவேன். முதல் குழி இப்போதுதான் மூடியிருக்கிறது.

செலவு: உறை 7,200, குழி வெட்டு 3,500, கான்கிரீட்டும் பூச்சும் கூலியும் 6,800, டிரம் 18,500, 4 அங்குலக் குழாய்கள் 3,200, கேஸ் குழாயும் வால்வும் 1,150, அடுப்பு 1,800. ஆக 42,150. பிறகு கோப்பைக்கும் தேவையில்லாமல் மாற்றிய வால்வுக்கும் சேர்த்து 3,750. வருஷத்துக்கு ஏழு சிலிண்டர் மிச்சம் என்று வைத்தாலும் போட்ட பணம் திரும்ப ஏழு வருஷம் ஆகும். மார்கழிக் குளிரில் 10 கோடு 7 ஆகிவிட்டதையும் சொல்ல வேண்டும். சாணத்தை வெந்நீரில் கரைத்துப் பார்க்கிறேன், அரைக் கோடு கூடுகிறது.

மாற்ற வேண்டியதில் பெரியது டிரம்மைச் சுற்றிய இடைவெளி. உறைக்கும் டிரம்முக்கும் நடுவே 3 அங்குலம் கரைசல் திறந்து கிடக்கிறது. ஈ மொய்க்கிறது, மழையில் தண்ணீர் சேர்கிறது, கேஸும் கொஞ்சம் வீணாகிறது. சாணம் மட்டும் போடும் குழிக்கு அது பரவாயில்லை. கக்கூஸ் சேர்ந்த குழிக்கு டிரம் தனித் தண்ணீர் வட்டத்துக்குள் மிதக்க வேண்டும், இரண்டு சுவருக்கு நடுவே நல்ல தண்ணீர் நிற்க, கரைசல் உள்ளே மூடிக் கிடக்கும். தை பிறந்ததும் மச்சான் தோட்டத்தில் அப்படி ஒன்று போடுகிறோம். அவர் வீட்டில் ஆறு பேர், மூன்று மாடு. அடியில் 5 அடி உறை, மேலே இரட்டைச் சுவர். கக்கூஸ் கோப்பையை மாற்றிவிட்டுத்தான் குழி வெட்டுவது என்று மச்சானிடம் சொல்லியாயிற்று.